சந்தைக்கு வந்த புலவர்

நம் பாட்டன்மார் பால் வெட்டிய இரப்பர் மரம் பிரேசில் தேசத்துப் பிள்ளை என்பதை நேயர்களிற் பலர் அறிவர். 1876-ஆம் ஆண்டில் விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கப்பலேற்றினார். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் மறு ஆண்டே சிங்கப்பூரை அடைந்தன. மரத்தின் வரலாற்றை அறிந்த அளவுக்கு அம்மரம் பிறந்த நாட்டின் ஏழை மக்களை நாம் அறிந்திலோம். அம்மக்களுக்கென்று ஒரு புலவர் இருந்தார். தம் நூல்களைத் தாமே அச்சிட்டு, ஊர் ஊராய்த் தாமே கொண்டு சென்று விற்று, அதனையன்றி வேறு பிழைப்பின்றி வாழ்ந்தவர். அவர் கதையையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிரேசிலின் வடகிழக்குப் பகுதி, கடலோரத்திற் கரும்புத் தோட்டங்களும் உள்நாட்டில் வறண்ட முட்காடுகளும் உடையது. அந்நாட்டில் அடிமை முறை 1888-ஆம் ஆண்டில்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்குமுன், 1877 முதல் 1879 வரை, மழை பொய்த்து நேர்ந்த கொடும் பஞ்சத்தில் இலட்சக் கணக்கானோர் மாண்டனர். பிழைத்தோரிற் பல்லாயிரவர் இரப்பர் எடுக்க அமேசான் காட்டுக்குப் போயினர். பஞ்சத்தால் ஊரைவிட்டுப் பால் மரத்தடியில் வந்து நின்றவர் நாம் மட்டும் அல்லர் என்பதை நேயர்கள் இங்கே கருதுவார்களாக.

பஞ்சம் தொடங்கியபோது லெயாந்திரோ கோமஸ் டி பாரோஸ் பன்னிரண்டு வயதுச் சிறுவர். 1865-ஆம் ஆண்டில் பரைபா மாகாணத்துப் பொம்பால் என்னும் ஊரிற் பிறந்தவர். பாதிரியாராயிருந்த மாமன் வீட்டில், தெயிஷெயிரா என்ற ஊரில் வளர்ந்தார். வாது செய்து பாடும் நாட்டுப்பாடகர்க்குப் பேர்போன ஊர் அது. பிற்காலத்தில் பெர்னம்புகோ மாகாணம் சென்று, முடிவில் ரெசிஃபே நகரிற் குடியேறினார். நாட்டுப்பாடகர் வாயிற் பிறந்து காற்றிற் போய்க்கொண்டிருந்த பாட்டு வகையைக் காகிதத்திற் கட்டி விற்கலாம் எனத் துணிந்த முன்னோடிகளில் அவரே தலையாயவர். 1890-களில் அவர் நூல்கள் வெளிவரலாயின. சில காலம் சொந்தமாக ஒரு சிறு அச்சுக்கூடமும் நடத்தினார்.

நூல் என்றதும் தடித்த அட்டையும் பொன்னெழுத்தும் நேயர்கள் நினைவுக்கு வர வேண்டா. ஒரு தாளை மடித்து வெட்டினால் எட்டுப் பக்கம். இரு தாளாயின் பதினாறு. காவியம் போன்ற நெடுங்கதையாயின் முப்பத்திரண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, மலிந்த காகிதம். விற்பவர் சந்தை நாளன்று மாவுக் கடைக்கும் மாட்டுத் தாம்புக் கடைக்கும் இடையே ஒரு பெட்டியைத் திறந்து வைப்பார். அன்றேல் தரையிற் பரப்புவார். பின்னர்க் கதையை உரக்க இராகத்தோடு படிப்பார். கூட்டம் சேரும். கொடியவன் கையில் நங்கை அகப்பட்ட இடத்திலோ, கொள்ளைக்காரன் துப்பாக்கியை உயர்த்திய இடத்திலோ படிப்பை நிறுத்தி, மிச்சம் வேண்டுவோர் நூலை வாங்கிக்கொள்க என்பார். கொடியிற் கோத்துத் தொங்கவிட்டு விற்கும் வழக்கம் போர்த்துகல் தேசத்தது. அதனை ஒட்டிக் ‘கொடி இலக்கியம்’ என்ற பெயரைப் பிற்காலத்து அறிஞர் இட்டனர். வாங்கின சனங்களோ ‘தாள்’ என்ற கருத்துடைய எளிய சொல்லாலேயே அதனை அழைத்தனர்.

வாங்கினவரிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எழுத்தறியாதவன் புத்தகம் வாங்குவானா என்று கேட்பவர் தோட்ட வாழ்வை அறியாதவரே. குடியிருப்பிற் படிக்கத் தெரிந்த ஒரு பையன் இருந்தாற் போதும். இரவில் விளக்கைச் சுற்றி எல்லாரும் அமர்ந்து கேட்பார்கள். இரண்டு மூன்று முறை கேட்டபின் கிழவிக்கும் அது மனப்பாடம்.

அவர் பாடாத பொருள் அரிது. கொள்ளைக்காரன் அந்தோனியோ சில்வினோவைப் பாடினார், வரியையும் பசியையும் சேர்த்துப் பாடினார், மாமியாரையும் விட்டுவைத்தாரில்லை. இன்று அவருடையவை எனத் தேறியவை 200-க்கு மேற்பட்டவை.

நூல் பெருகவே திருட்டும் பெருகிற்று. பிறர் அவர் பாட்டைத் தம் பெயரில் அச்சிட்டு, வேறு சந்தைகளில் விற்றனர். சந்தையில் விற்கும் ஏழைப் புலவர் எந்த நீதிமன்றத்தில் வழக்காடுவார்? அவர் ஓர் உபாயம் செய்தார். கதையின் இறுதிப் பாட்டில் அடிகளின் முதலெழுத்துக்களை மேலிருந்து கீழாகக் கூட்டினால் ‘லெயாந்திரோ’ என வருமாறு அமைத்தார். அட்டையைக் கிழித்துப் பெயரை எடுத்தாலும் பாட்டின் உள்ளே பெயர் நிற்கும்.

1918-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரெசிஃபேயில் அவர் காலமானார். 1921-ஆம் ஆண்டில் அவர் மனைவி நூல்களின் உரிமையை ஜோவான் மார்த்தின்ஸ் டி அதாயிதே என்பவருக்கு விற்றார். அதாயிதே தாமும் புலவர், திறமான வியாபாரி. அவரிடமிருந்தே அந்நூல்கள் வடகிழக்கின் மூலை முடுக்கெல்லாம் பரவின; அந்தப் புகழை நாம் மறுக்கவில்லை. ஆனால் முதலில் பதிப்பாளர் என்ற அளவில் இட்ட தம் பெயரைப் பின்னர் ஆசிரியர் இருந்த இடத்திலேயே நிற்கவைத்தார். லெயாந்திரோவின் பெயர் மறைந்தது. இறுதிப் பாட்டின் முதலெழுத்துக்களும் பல நூல்களில் மாற்றப்பட்டன. தோட்டத்தை விலைக்கு வாங்கினவர் பாலை எடுக்கலாம். மரத்தை நட்டவரும் நாமே என்று சொல்லலாமா? 1949-ஆம் ஆண்டில் அவரும் தம் உரிமையை விற்றார். நூல்கள் ஜுவாசெய்ரோ நகரத்து வேறொரு பதிப்பாளர் கைக்கு மாறின. இத்தகைய பதிப்பாளர்க்குப் பாட்டை விற்ற புலவர் பலர்க்குக் கிடைத்த கிரயம் பணமும் அன்று. அச்சான பிரதிகளில் ஒரு பங்கு. அதைச் சுமந்து மறுபடியும் சந்தைக்குப் போக வேண்டியதுதான்.

நாம் கிராணி வேலை பார்ப்பவர். பெயர்ப் பதிவில் ஒரு வரி விடுபட்டால் அன்றைய உழைப்பே இல்லையென்றாகும் என்பதை அறிவோம். ஒரு முறை நம் கைப்பிழையால் முதியவள் ஒருத்தியின் பெயர் விடுபட்டது. அவள் சண்டை பிடிக்கவில்லை. நம் மேசைக்கு முன் நின்று, “நான் வந்தேனே, ஐயா,” என்று மட்டும் சொன்னாள். இறுதிப் பாட்டிற் பெயரைப் பதித்துவைத்த புலவரைப் பற்றிப் படித்தபோது அவள் குரலே நம் செவியிற் கேட்டது.

1955-ஆம் ஆண்டில் அரியானோ சுவாசுனா எழுதி நாடெங்கும் புகழ்பெற்ற நாடகம் ஒன்றில், நாய்க்கு நடத்தும் சவச்சடங்கும் காசு போடும் பூனையும் வருகின்றன. இரண்டும் லெயாந்திரோவின் சந்தைக் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. 2018-ஆம் ஆண்டில் பிரேசில் அரசு இவ்விலக்கியத்தைத் தேசத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. அதற்கு நெடுநாள் முன்னரே, ரியோ டி ஜெனிரோ நகரத்து ரூயி பார்போசா ஆராய்ச்சி இல்லத்தார் உதிர்ந்த தாள்களைத் திரட்டி, 1961-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டனர். எது யாருடையது என்ற கேள்வி அப்போது எழுந்தது. ஆராய்ந்தவர்கள் பழம்பிரதிகளைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடிகளின் முதலெழுத்துக்களை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார்கள்.