பகிடியும் வதையும்: ஒரு சேர்க்கையின் வரலாறு

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலங்களில் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே எழுவது வழக்கம். வாவிக்கும் கடலுக்கும் இடையில் அமைந்த செட்டிபாளையம் போன்றதோர் ஊரில் ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைப்பது அந்த வீட்டின் செய்தி மட்டுமன்று, ஊரின் செய்தி. ஆயினும் வாழ்த்த வருவோர் சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "அங்க ராகிங் கடுமையாம், உண்மையா?"

ஒரு காலத்தில் இந்தப் பிள்ளைகள் பேராதனைக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டியிருந்தது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழகம் அருகே வந்தது. அந்தக் கேள்வி மட்டும் மறையவில்லை.

அமெரிக்காவில் கல்லூரிக்குள் நுழையும் மாணவர் சிலர், 'சகோதரத்துவச் சங்கம்' எனப்படும் குழு ஒன்றில் இடம்பிடிக்க முயல்வர். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இச்சங்கங்கள் பலவற்றுக்குத் தனி இல்லங்கள் உண்டு. ஆள்சேர்ப்புக் காலமும் உண்டு. 1825இல் யூனியன் கல்லூரியில் தோன்றிய கப்பா அல்பா சங்கம் இவற்றுள் மிகப் பழையது என்பர். சேர விரும்புவோரைச் சோதித்தல் என்ற பெயரில் நடப்பவை உயிரையும் வாங்கியிருக்கின்றன. 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் திமோதி பியாஸா என்ற மாணவர், சேர்க்கை இரவொன்றில் அளவுமீறிக் குடிக்கவைக்கப்பட்டு, விழுந்து காயமுற்று இறந்தார். 2024 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசு இது தொடர்பாகத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

நம் பல்கலைக்கழகங்களில் அத்தகைய சங்கங்கள் இல்லை. ஆனால் அவை செய்யும் வேலையை இங்கே வேறொன்று செய்கிறது. அதற்கு ஈழத்தமிழர் இட்ட பெயர் பகிடிவதை. தமிழகத்தில் 'ராகிங்' என்ற ஆங்கிலச் சொல்லே நிலைத்துவிட, நாமோ பகிடியையும் வதையையும் ஒட்டிவைத்தோம். செய்பவருக்கு அது பகிடி, அனுபவிப்பவருக்கு வதை. ஒரே செயலின் இரு பக்கங்களையும் ஒரு சொல்லில் அடக்கிய பொருத்தமான பெயர் அது.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. 4ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரில் கல்விகற்ற புனித அகுஸ்தீனார், புதிய மாணவரைத் துன்புறுத்திக் களித்த 'கவிழ்ப்போர்' என்னும் கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களின் செயலை வெறுத்தும் அவர்களோடு பழகியதாகவும், அவர்களைப் போல் தாம் இல்லையே என வெட்கியதாகவும் அவர் கூறுவது கவனிக்கத்தக்கது. கி.பி. 533இல் பேரரசர் யுஸ்தீனியன் சட்டக் கல்வியைச் சீரமைத்தபோது, புதிதாக வரும் மாணவர்மீது இழிவான விளையாட்டுகளை நடத்தலாகாது என்று தடைவிதித்தார். அத்தடை இருந்தும், மத்தியகால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் புதுமாணவன் கொம்புள்ள விலங்காகக் கருதப்பட்டான். தலையில் மாட்டிய பொய்க்கொம்பை அறுத்தெடுத்த பின்னரே அவன் மனிதனாக, மாணவனாக ஏற்கப்பட்டான். அந்தச் சடங்கின் செலவையும் பெரும்பாலும் அவனே ஏற்க வேண்டியிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதனை விடுதிகளோடு கூடிய பல்கலைக்கழகமாகக் கற்பனைசெய்தார். சில ஆண்டுகளில் அது பேராதனைக்குப் பெயரத் தொடங்கியது. ஆங்கிலேயக் கல்விக்கூடங்களிலிருந்து விடுதி வாழ்வு மட்டும் வரவில்லை. மூத்தோர் இளையோரை ஆட்டிப்படைக்கும் பழக்கமும் உடன் வந்தது. பின்னர் சுயமொழிக் கல்வியின் வழியே கிராமத்துப் பிள்ளைகள் பெருமளவில் நுழைந்தபோது, பகிடிவதைக்குப் புதிய நியாயமொன்று கற்பிக்கப்பட்டது. ஏழை, பணக்காரன் என்ற வேற்றுமையையும் ஆங்கிலம் அறிந்தவன், அறியாதவன் என்ற வேற்றுமையையும் அது அழித்துவிடுமாம்! சமத்துவத்தைக் கற்பிக்க ஒருவனை மண்டியிடச் செய்ய வேண்டும் என்ற முரண்பாட்டை எவரும் விளக்கவில்லை.

விளைவுகளை நாடு அறியும். 1974இல் வித்தியாலங்காரா வளாகத்தில் நடந்தவற்றை விசாரிக்க அரசு குலரத்ன ஆணைக்குழுவை நியமித்தது. 1975இல் பேராதனை விவசாய பீட மாணவி ரூபா ரத்னசீலி பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்கும் ஆற்றலை இழந்தார். 2002இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தின் தமிழ் மாணவர் வரப்பிரகாஷும், அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தின் கெலும் துஷார விஜேதுங்கவும் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1996இல், தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டிருந்தார். கடலின் இரு கரைகளிலும் தமிழ்த் தாய்மார் அழுத ஈராண்டுகள் அவை.

தமிழகம் 1997இல் சட்டம் இயற்றியது. இலங்கை 1998இல் 20ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி பகிடிவதைக்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறையும், கொடுங்காயம் அல்லது பாலியல் துன்புறுத்தல் நிகழ்ந்தால் பத்தாண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஆயினும் 2002இல் ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் சமந்த விதானகே என்ற மாணவர், பகிடிவதையை நிறுத்துவது பற்றிய கலந்துரையாடலின்போதே தாக்கப்பட்டு இறந்தார். 2020இல் அதே பல்கலைக்கழக விடுதியின் படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட டயர் மோதி, முதலாம் ஆண்டு மாணவர் பசிந்து ஹிருஷான் தலையில் படுகாயமடைந்தார்.

யுஸ்தீனியன் தொடங்கிப் பதினைந்து நூற்றாண்டுகளாகச் சட்டங்கள் ஏன் தோற்கின்றன? சட்டம் வதையைத் தடுக்க முனைகிறது. வதையின் மறுபுறத்தில் வழங்கப்படும் பொருளைப் பற்றி அது பேசுவதில்லை. செட்டிபாளையத்திலிருந்து போகும் பிள்ளைக்கு விடுதியில் ஒரு துணை வேண்டும், பழைய வினாத்தாள்கள் வேண்டும். மாணவர் மாணவருக்கு நடத்தும் 'குப்பி' வகுப்பும், நோயுற்றால் வைத்தியசாலைக்கு அழைத்துச்செல்ல ஓர் அண்ணாவோ அக்காவோ வேண்டும். இவையெல்லாம் மூத்த மாணவர் கையில் இருக்கின்றன. பணிந்தவர் 'எங்கட பிள்ளை' ஆகிறார். மறுத்தவரோ விளையாட்டுக்கும் விழாவுக்கும் மாணவர் ஒன்றியத்துக்கும் அன்னியராகிறார். ஆக, பகிடிவதை அளவுமீறிய வேடிக்கையன்று. அது ஓர் ஆள்சேர்ப்பு. பட்டம் வாங்கப் போனவனுக்கு முதலில் ஒரு பட்டப்பெயர் சூட்டி, அடுத்த ஆண்டு அதே வேலையைச் செய்ய அவனைத் தயார்செய்கிறது. வதைபட்டவனே மறு ஆண்டு வதைப்பவனாக மாறும் மர்மம் இதுதான். அகுஸ்தீனாரின் வெட்கத்தையும் இங்கே நினைவுகூரலாம்.

எனவே புதுமாணவர் அறிய வேண்டியவை சில உண்டு. மறுப்பது குற்றமன்று, வதைப்பதே குற்றம். தனியாக மறுப்பதிலும் பத்துப்பேர் சேர்ந்து மறுப்பது எளிது. நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து மாணவ ஆலோசகரிடமோ, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ, பொலிஸாரிடமோ முறையிடலாம். பெற்றோரும் "கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள்" என்று சொல்லியனுப்புவதை நிறுத்த வேண்டும். அந்தக் கொஞ்ச நாளில்தான் வரப்பிரகாஷ் மாண்டார்.

ஆனால் முழுப் பொறுப்பையும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது நீதியன்று. வரவேற்கும் வேலையை வதைப்போரிடமிருந்து மீட்பதே எஞ்சியுள்ள வழி. முதல் வாரமே விடுதி இடமும் பாட உதவியும் வழிகாட்டலும் பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து கிடைக்குமானால், அவற்றுக்காக எவரிடமும் மண்டியிடத் தேவையில்லை. வாவிக்கரை ஊர்களில் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. தத்தம் ஊர்ப் பிள்ளையைப் பயணத்துக்கு முன்பே அழைத்துப் பேசவும், குறிப்புகளைக் கொடுக்கவும், தொலைபேசி இலக்கத்தைத் தரவும் அவர்களால் முடியும். மண்ணெண்ணெயில் எரியும் குப்பி விளக்கின் பெயரைத்தான் அந்த மாணவர் வகுப்புகள் தாங்கியிருக்கின்றன. ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றுவதற்கு எவரும் கூலி கேட்பதில்லை.