சிங்கப்பூர் ஆற்றங்கரையும் சூலியாப் படகோட்டிகளும்

சிங்கப்பூர்த் தமிழரின் தொடக்க வரலாற்றைப் பேசுங்கால் வட்டித்தொழில் புரிந்த நகரத்தாரும், சாலையும் கட்டடமும் அமைத்த கைதிகளும், சிப்பாய்களுமே முதலில் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆற்றையே பிழைப்பிடமாகக் கொண்ட சூலியாப் படகோட்டிகள் அத்துணைப் பேசப்படுவதில்லை. ஆயினும் 1819ஆம் ஆண்டிற்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றும் தொழிலில் முதன்மை பெற்றிருந்தோர் அவர்களே. அவர்களது வாழ்விடத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டால் அவர்களின் வரலாறும் ஓரளவு துலங்கும் எனக் கருதுகிறோம்.

சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல். சோழ நாட்டின் பெயரினின்றே அது பிறந்தது என்பர். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் போன்ற துறைமுகங்களோடு உறவுடைய இம்மக்களுக்கு மலாய்த் தீவக் கடல் புதியதன்று. சிங்கப்பூருக்கு முன்பே பினாங்கில் அவர்கள் வேரூன்றியிருந்தனர்.

சிங்கப்பூர் ஆறு மிகச் சிறியது. அதன் நீளம் மூன்று கிலோமீட்டரைச் சற்றே கடக்கும். ஆழமும் குறைவு. பெருங்கப்பல்கள் ஆற்றினுள் நுழைய இயலாமல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். தொங்கான்களே சரக்கை இறக்கிக்கொண்டு தென்கரையிலிருந்த கிட்டங்கிகளுக்குக் கொணரும். நீர் வற்றினால் படகு சேற்றில் அமரும். நீர் ஏறினால், 1869இல் கட்டப்பட்ட கவனா பாலத்தின் அடியில் நுழைய இடமிராது. ஆகவே படகோட்டியின் வேலைநேரத்தை முதலாளியைக் காட்டிலும் கடலின் ஏற்றவற்றமே வகுத்தது எனலாம். இரவானாலும் விடியலானாலும் நீர் வாய்க்கும்போது அவன் துறையில் இருந்தாக வேண்டும்.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டே நகரமைப்பு வரைபடத்தை நோக்குதல் வேண்டும். 1822இல் இராஃபிள்ஸ் வகுத்த திட்டத்தை ஒட்டி லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த படத்தில், ஆற்றின் தென்புறத்தே, சீனர் குடியிருப்பிற்கும் அப்பால், மேல்பகுதியில் ‘சூலியா கம்போங்’ குறிக்கப்பட்டுள்ளது. வரைபடம் ஆட்சியாளரின் விருப்பத்தைக் காட்டுவது; மக்கள் வாழ்ந்ததற்குச் சான்று வேறு. அச்சான்று வழிபாட்டிடங்களில் கிடைக்கிறது. 1826இல் அன்சார் சாயிபு தலைமையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் சவுத் பிரிட்ஜ் சாலையில் தோன்றியது. அடுத்த ஆண்டு தெலுக் ஆயர் தெருவில், ‘குச்சுப்பள்ளி’ என மக்கள் வழங்கிய அல் அப்ரார் பள்ளிவாசல் எழுந்தது. பெயரே சொல்வதுபோல் அது முதலில் ஒரு குடிசையே. அதே தெருவில் 1828 முதல் 1830 வரையிலான காலத்தில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. கடலோடிகள் காவலராகப் போற்றும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவை அவர்கள் கடற்கரைத் தெருவிலேயே நிறுவினர். தெலுக் ஆயர் அப்போது அலை தொட்ட கரை. பிற்காலத்தில் கடலைத் தூர்த்ததால் உள்நாட்டுத் தெருவாயிற்று. இம்மூன்று இடங்களும் ஆற்றின் முகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. வகுக்கப்பட்ட எல்லையை விடத் தொழிலின் தேவையே இம்மக்களின் வாழ்விடத்தை உறுதி செய்தது என்பது நம் துணிபு.

1860களின் இறுதிக்குள் படகுத் தொழில் பெரிதும் ஹொக்கியன் சீனர் கைக்கு மாறிற்று. இதனைத் தமிழரின் ஊக்கமின்மையாகக் கொள்ளுதல் பொருந்தாது. படகுத் துறைக் கரையில் வணிகம் சீனர் வசம் பெருகியபோது, சரக்கை ஏற்றும் பணியும் அவர்தம் இனத்தார்க்கே சென்றது இயல்பு. மேலும், குடும்பத்தைத் தாயகத்தில் விட்டுவந்த ஆடவர் பலர் இருந்த சமூகத்தில், தந்தையின் தொழில் மகனுக்குச் சேரும் வாய்ப்பும் குறைவன்றோ?

பெயரளவில் எஞ்சியது சூலியா தெரு. அதுவும் முன்னர்க் ‘கிளிங் தெரு’ என வழங்கியதே. அச்சொல் இழிவாகக் கருதப்பட்டதால் 1920களின் தொடக்கத்தில் மாற்றப்பட்டது. வரைபடத்தில் கம்போங் இருந்த இடம் வேறு, இத்தெரு இருக்கும் இடம் வேறு என்பதை ஆய்வு மாணவர்கள் மறத்தல் கூடாது. 1983இல் எஞ்சிய படகுகளும் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டன. மூன்று வழிபாட்டிடங்களும் 1974இல் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் நாகூர் தர்கா 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது.