குடகனாற்று வயல் நண்டு

திண்டுக்கல் சமவெளியைக் கடந்து அமராவதியில் சங்கமிக்கும் குடகனாற்றின் பாசன வயல்களில், வரப்பைத் துளைத்து நீரை வடியவிடும் நண்டைப் பயிரின் சத்ருவாகவும், சளிக்கு ரசம் வைத்துக் குடிக்கும் ஔஷதமாகவும் உழவர் ஒருங்கே பாவித்து வந்த வழக்கம் நெடுநாளையது. 1903-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த ஐங்குறுநூற்றில், மருதம் பாடிய ஓரம்போகியார் இப்பிராணிக்கென்றே ‘கள்வன் பத்து’ (கள்வன் – நண்டு) என ஒரு பகுதியை ஒதுக்கியிருப்பது, சங்ககால வயல் வாழ்வில் அது பெற்றிருந்த ஸ்தானத்தைக் காட்டும்.

காம்பின்மேல் அசையும் கண்கள், இரு கொடுக்குகள், நான்கு ஜோடி நடைகால்கள் என்னும் அங்க அமைப்பு கடல் நண்டுக்கும் பொதுவே. ஆயினும், கடல் நண்டின் குஞ்சு நீரில் மிதந்து பலமுறை உருமாறி வளர, வயல் நண்டுக்கோ அப்பருவங்களெல்லாம் முட்டைக்குள்ளேயே முடிந்து, தாயின் அகன்ற வயிற்று மடலுக்கடியில் பூரண வடிவத்துடன் குஞ்சுகள் வெளிப்பட்டு, சில காலம் அங்கேயே தங்கியிருப்பது பெருவிந்தை.