வர்த்தூர் நுரையும் கெலவரப்பள்ளிச் சேறும்

பெங்களூரின் வைட்ஃபீல்டுக்குத் தெற்கே வர்த்தூர் ஏரியின் கலிங்கில் 2015இல் பொங்கிய நுரை சாலை வரை பறந்தது. இருசக்கர வண்டியில் போவோர் முகத்தில் படிந்ததால் வர்த்தூர் கோடியில் வலை கட்டினார்கள். அதே நீர் தென்பெண்ணையில் கலந்து தமிழகத்துக்குள் நுழைந்தவுடன், ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் மீண்டும் நுரைக்கிறது. மேலே ஒரு நிர்வாகம், கீழே இன்னொன்று. நுரைக்கு மூலம் ஒன்றே. அன்றன்று வரும் கழிவுநீரை மட்டும் அளந்து வகுக்கும் கொள்கையால் இந்த நுரையை அடக்க முடியாது, அடியில் தேங்கிய சேற்றையும் கணக்கில் கொண்டாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு ஆதாரம் பெங்களூரிலேயே இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ரேஷ்மி தாஸ், எச். என். சாணக்யா, லட்சுமிநாராயண ராவ் ஆகியோர், வர்த்தூருக்கு மேலே உள்ள பெல்லந்தூர் ஏரியைப் பல ஆண்டுகள் கண்காணித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏரிக்குள் வரும் கழிவுநீர் அதைக் கடக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. அதற்குள் கரிமப் பொருளில் ஒரு பகுதி சிதைகிறது. மீதி சேறாகப் படிகிறது. சலவைத்தூளிலிருந்து வரும் சர்ஃபாக்டன்ட் எனும் நுரைப்பொருளோ சிதையாமல் சேற்றோடு ஒட்டிக்கொண்டு செறிகிறது. சில இடங்களில் மூலச் செறிவைப் போல 200 மடங்கு வரை. முதல் பெருமழை ஏரியைக் கலக்கும்போது ஒட்டியிருந்தது நீருக்குத் திரும்புகிறது. கலிங்கில் சுமார் 25 அடி உயரத்திலிருந்து நீர் விழ, காற்று புகுந்து நுரை எழுகிறது. மழைநீர் கழிவைக் கரைத்து நுரையைக் குறைக்க வேண்டும் அல்லவா, ஏன் கூட்டுகிறது என்ற நெடுநாள் கேள்விக்கு இது விடை தருகிறது.

நுரைப்பொருள் ஏன் சிதையவில்லை என்பதற்கு வேதியியல் வரலாற்றில் பதில் உண்டு. 1950களில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்க ஆறுகளும் இப்படித்தான் நுரைத்தன. கிளைத்த சங்கிலி கொண்ட சர்ஃபாக்டன்ட்டைப் பாக்டீரியாக்களால் உடைக்க முடியாததே காரணம் என்று கண்டறியப்பட்டதும், ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றியது. 1965வாக்கில் அமெரிக்கத் தொழிற்சாலைகளும் நேர்சங்கிலி வகைக்கு மாறின. ஆய்வு கொள்கையைத் திருத்தியதற்கு நல்ல உதாரணம் இது. ஆனால் நேர்சங்கிலி வகையும் ஆக்சிஜன் இருந்தால்தான் எளிதில் சிதையும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கோரும் சிதைவுச் சோதனையும் ஆக்சிஜன் உள்ள சூழலுக்கானதே. அந்த நாடுகளில் கழிவுநீர் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றுக்குப் போவதால் அது போதுமானதாக இருக்கலாம். ஆக்சிஜனற்ற பெல்லந்தூர்ச் சேற்றில் அதே சலவைத்தூள் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. அயல்நாட்டு அளவுகோலை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் கண்காணிப்பு முறையோ நீரோடு நின்றுவிடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஐந்து வகையாகப் பிரிப்பது, கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, கோலிஃபார்ம் போன்ற நீரின் குணங்களை வைத்து. அடிச்சேற்றுக்கு அதில் இடமில்லை.

2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்து, ஏரிச் சீரமைப்புக்கு 500 கோடி ஒதுக்கிவைக்கச் சொன்னது. அதன்பின் இரண்டு ஏரிகளிலும் தூர்வாருதல் தொடங்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் தூர்வார ஏரியை வடிக்கும்போது கழிவுநீரை ஓரக் கால்வாயில் திருப்பிக் கீழே விட வேண்டியிருக்கிறது. முன்பு ஏரியில் படிந்த சுமை இப்போது எங்கே படியும்? ஆய்வின் தர்க்கப்படி, அடுத்துத் தேங்கும் இடத்தில். அதாவது கெலவரப்பள்ளியை நோக்கி. வைட்ஃபீல்டின் அடுக்குமாடிகளுக்குக் கிடைக்கும் நிவாரணத்தின் செலவு ஒசூர்ப் பாசன விவசாயி தலையில் விழக்கூடும். இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

சுத்திகரிப்பு நிலையங்களை முழுமையாக்கினால் போதும் என்ற வாதத்துக்கு வலு உண்டு. புதிய கழிவு நிற்காமல் சேற்றை அள்ளுவது வீண். ஆயினும் ஏற்கெனவே படிந்தது தானாகக் கரைந்து போகாது. எனவே பெல்லந்தூர், வர்த்தூர், கெலவரப்பள்ளி மூன்றிலும் மழைக்கு முன்னும் பின்னும் சேற்றின் சர்ஃபாக்டன்ட் அளவை ஒரே முறையில் அளந்து, இரு மாநில வாரியங்களும் பொதுவில் வெளியிட வேண்டும். நம் சலவைத்தூள் தரச்சோதனையில் ஆக்சிஜனற்ற நிலையும் சேர வேண்டும். தென்பெண்ணை குறித்துத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் மையம் அணைகளும் நீரின் அளவும். அந்த விவகாரத்தில் சேற்றின் கணக்கையும் முன்வைப்பதற்கு அறிவியல் தயாராக இருக்கிறது; இரு அரசுகளும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.