திருவழிபாட்டுச் சடங்குகள்: வெறும் வழக்கமா, வாழும் விசுவாசமா?

“ஏதோ சடங்குக்குச் செய்தான்” என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வதுண்டு. மனம் ஒன்றாமல் ஒப்புக்குச் செய்த காரியத்தை அப்படிக் குறிப்பிடுகிறோம். நம் பங்கு ஜூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், கொடியேற்றம், நவநாள், பாடற்பூசை, தேர்ப்பவனி என்று சடங்குகள் நிறைந்த இந்நாட்களில், இச்சொல் நம்மைச் சற்றே நின்று சிந்திக்க வைக்கிறது. கோயிலுக்குள் நுழையும்போது தீர்த்தம் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைகிறோம். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பெறுகிறோம். பெரிய வெள்ளியன்று திருச்சிலுவையை முத்தி செய்கிறோம். இவையெல்லாம் எதற்கு, மனத்தில் பக்தி இருந்தால் போதாதா என்று பிறர் கேட்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையைத் திருச்சபையின் வரலாற்றில், சிறப்பாகத் தமிழ் மக்களின் திருச்சபை வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

ஆதித் திருச்சபையில்

நம் ஆண்டவர் தம் பாடுகளுக்கு முந்தின இரவில் சீடர்களிடம் நூல் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்து, நன்றி செலுத்தி, பகிர்ந்தளித்து, அதைத் தம் நினைவாகச் செய்து வருமாறு பணித்தார். ஆக, அவர் விட்டுச்சென்றது பலர் கூடிச் செய்யவேண்டிய ஒரு செயல். மனிதனுக்கு ஆன்மா மட்டுமன்று, உடலும் உண்டு. தாய் பிள்ளையை அணைப்பதும், விருந்தினரைக் கைகூப்பி வரவேற்பதும், கல்லறைக் குழியில் ஒரு பிடி மண் இடுவதும் வாய்ச்சொல்லுக்கு அடங்காததை உடலால் சொல்லும் முறைகள் அல்லவா?

கி.பி. 155ஆம் ஆண்டளவில் உரோமையில் வாழ்ந்த புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டைப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். நகரிலும் நாட்டுப்புறத்திலும் உள்ளவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள், திருநூல்கள் வாசிக்கப்படுகின்றன, தலைமை தாங்குபவர் அறிவுரை கூறுகிறார், எல்லாரும் எழுந்து மன்றாடுகிறார்கள், அப்பமும் இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன, நன்றி மன்றாட்டுக்கு மக்கள் ஆமென் என்கிறார்கள், வராதவர்களுக்குத் தியாக்கோன்கள் நற்கருணையைக் கொண்டுசெல்கிறார்கள். இன்று நாம் காணும் பூசையின் அமைப்பு இதில் அப்படியே இருக்கிறது. வசதியுள்ளவர்கள் கொடுத்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் சென்றது என்பதையும் அவர் அதே இடத்தில் எழுதுகிறார். பலிபீடமும் ஏழையின் அடுப்பும் அன்று ஒரே வழிபாட்டில் இணைந்திருந்தன.

இந்த இணைப்பு அறுந்தபோது புனித சின்னப்பர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதையும் நாம் அறிவோம். கொரிந்து நகரில் ஆண்டவரின் விருந்துக்குக் கூடியவர்களில் செல்வர்கள் முந்தி உண்டு குடிக்க, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அவர்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று அவர் கண்டித்தார். கூடியிருந்தவர்களின் நடத்தை அச்சடங்கைப் பொய்யாக்கியதே அவருடைய மனவேதனை.

குருக்கள் இல்லாத காலம்

சடங்கின் அருமையை அது கிடைக்காத காலத்தில்தான் உணர முடியும். 1658ஆம் ஆண்டு டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது அங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அப்படிப்பட்ட காலம் வந்தது. கோயில்கள் பறிபோயின, குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பூசையும் பாவசங்கீர்த்தனமும் இல்லாமல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்தன. குருக்கள் தங்களை அடையாளம் கண்டு ஒரு நாள் வருவார்கள் என்று நம்ப அந்த மக்களுக்கு என்ன ஆதாரம் இருந்தது? வீட்டுக்குள் சொல்லிய ஜெபமும், கையில் உருட்டிய ஜெபமாலையுமே.

1687இல் கோவாவைச் சேர்ந்த குருவாகிய ஜோசப் வாஸ் அடிகளார் தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். குரு என்று தெரிந்தால் ஆபத்து. எனவே கூலியாள் போல் உடுத்தி, கழுத்தில் ஜெபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று பார்த்து, கத்தோலிக்கரைக் கண்டுகொண்டார். சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடம் தந்தது. இரவு வேளைகளில் வீடுகளில் பூசை நடந்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். பெரிய வேதநூல் கல்வி அந்த எளிய மக்களுக்கு இருந்ததில்லை. ஒரு மாலையும் மனப்பாடமான சில ஜெபங்களும் அவர்களை ஒரே சபையாகக் கட்டிவைத்திருந்தன.

எது மாறும், எது மாறாது?

அப்படியானால் சடங்கின் ஒவ்வொரு சிற்றம்சமும் மாற்ற முடியாததா? இதற்கும் நம் வரலாறு விடை தருகிறது. பழைய ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் தம் உமிழ்நீரால் குழந்தையின் காதையும் மூக்கையும் தொடுவார். ஆண்டவர் செவிடனைக் குணமாக்கி, திறக்கப்படு என்ற பொருளில் ‘எப்பேத்தா’ என்று சொன்னதை நினைவூட்டும் செயல் அது. ஆனால் எச்சில் என்றாலே அருவருக்கும் நம் நாட்டில் இது பெரும் இடறலாயிற்று. மதுரை, கர்நாடக மிஷன்களின் சேசுசபைக் குருக்கள் அதை விட்டுவிட விரும்பினார்கள். புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் 1704இல் அதை விடக்கூடாது என்று கட்டளையிட்டார். பல்லாண்டு வழக்காடலுக்குப்பின் 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் கட்டளையை உறுதி செய்தார். ‘மலபார் சடங்குகள்’ பற்றி மிஷனரிகள் சத்தியம் செய்யவேண்டும் என்ற விதி 1940இல்தான் நீங்கியது. 1969இல் வெளிவந்த குழந்தைகள் ஞானஸ்நானச் சடங்கில் உமிழ்நீர் இல்லை. செவியும் வாயும் திறக்கப்படவேண்டும் என்ற மன்றாட்டு மட்டும் நிலைத்தது. உமி போயிற்று, நெல் நின்றது.

அந்தக் கட்டளைகளில் இன்னொன்றும் இருந்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட நோயாளிகளின் குடிசைக்குள்ளும் குருவானவர் சென்று அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவேண்டும் என்பதே அது. எச்சிலுக்கு அஞ்சுவது நாட்டு வழக்கத்தை மதிப்பதாகலாம். ஏழையின் வாசலுக்கு அஞ்சுவதை அவ்வாறு சொல்லித் தப்ப முடியாது.

வடக்கன்குளத்துச் சுவர்

இந்த உண்மையை நம் கண்ணுக்கு முன்னே காட்டுவது நெல்லைச் சீமையின் வடக்கன்குளம். புனித தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அவ்வூரில் 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோயில், பீடம் ஒன்றாகவும் மக்கள் நிற்கும் மண்டபம் கால்சட்டை போல் இரு கிளைகளாகவும் கட்டப்பட்டது. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். இடையே சுவர். ஒரே அப்பம் பிட்கப்பட்டது. அதை உண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பெயரால் கோயிலில் தனியிடம் கோரியவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைக்கவில்லை.

அந்தச் சுவர் நின்ற ஆண்டுகளிலும் பூசை ஒழுங்காக நடந்தது, மணி அடித்தது, தூபம் எழுந்தது. ஆனால் பீடத்தில் சொல்லப்பட்டதைச் சுவர் மறுத்துக்கொண்டிருந்தது.

சங்கம் காட்டிய வழி

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. ஆதரவாக 2147 வாக்குகள், எதிராக நான்கே. மக்கள் உணர்ந்து, முழுமையாக, செயல்முறையில் பங்குகொள்ளவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. இலத்தீனில் கேட்ட பூசை தமிழில் ஒலிக்கலாயிற்று. 1969 ஏப்ரல் 25இல், கைகூப்பி வணங்குதல், பஞ்சாங்கப் பிரணாமம், ஆரத்தி, எண்ணெய் விளக்கு முதலியவற்றை இந்தியத் திருச்சபை வழிபாட்டில் ஏற்க உரோமை இசைந்தது. பலர் மறந்துவிடும் இன்னொரு வாக்கும் அச்சாசனத்தில் உண்டு: திருப்பணிக்குரிய மரியாதைகளும், திருச்சபைச் சட்டம் அனுமதிக்கும் சிலவும் தவிர, வழிபாட்டில் தனி ஆளுக்கோ தனி வகுப்பாருக்கோ சிறப்பு மரியாதை காட்டலாகாது.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கையும் எண்ணிப் பார்ப்போம். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதை மாலைப் பூசைக்குள் சேர்க்க வழி செய்தார். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று விதியை மாற்றினார். சங்கம் சொன்னதை இங்கே தண்ணீரும் துவாலையும் சொல்கின்றன.

நமது கடமை

அன்பார்ந்த பங்கு மக்களே! சடங்கு பெரிதா, வாழ்வு பெரிதா என்று நாம் வாதிடவேண்டியதில்லை. சடங்கு நம்மிடம் கேட்பதை வாழ்வில் கொடுத்தோமா என்பதே கேள்வி. சமாதானம் கூறக் கைகூப்பும்போது, பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பியை நினைப்போம். நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போது, நமக்கு முன்னும் பின்னும் நிற்பவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவராயினும் ஒரே உடலின் உறுப்பு என்பதை நினைப்போம். தேர் எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்று நேர்மையாகக் கேட்போம். கல்லறைத் தோட்டத்திலும் நாம் ஒரே குடும்பமாக உறங்குகிறோமா என்று ஆராய்வோம்.

நம் முன்னோர் ஜெபமாலையைக் கைவிடாததால் விசுவாசம் நம்மிடம் வந்து சேர்ந்தது. பீடத்தைச் சுற்றி எந்தச் சுவரும் எழவிடாமல் அதை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே இந்த ஜூபிலிக்கு நாம் செலுத்தும் தகுந்த காணிக்கை. நற்கருணை நாதர் அதற்கு வேண்டிய வரத்தை நம் பங்குக் குடும்பங்கள் அனைத்திற்கும் தந்தருள்வாராக!