காஹிராவின் மண்மேடும் மறுவாழ்வும்

நகரங்கள் தோன்றுகின்றன, செழிக்கின்றன. அவற்றைத் தாங்கிய அரசு தளரும்போது அவையும் தளர்கின்றன என்பது இப்னு கல்தூனின் முடிவு. மக்கட்தொகையும் செல்வமும் குன்றிய ஊரில் கைத்தொழில்களும் ஒன்றன்பின் ஒன்றாய் மறையும் என்று 'முகத்திமா'வில் அவர் விளக்கினார். 1382ஆம் ஆண்டின் இறுதியில் எகிப்து வந்த அம்மேதை, காஹிராவின் பொலிவைக் கண்டு வியந்தார். 1406இல் அங்கேயே காலமானார். அவர் வியந்த நகரம் பின்னர் நலிந்தது. அதன் ஒரு பகுதி நம் காலத்தில் மீண்டும் நிமிர்ந்தது. இவ்விரண்டுக்குமான காரணங்களை நாம் ஆராய்வது பயனுடையது.

காஹிரா 969இல் ஃபாத்திமிகளால் நிறுவப்பட்டது. சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி 1176இல் அதற்குப் பெருமதில் எழுப்பத் தொடங்கினார். அம்மதிலின் உட்புறத்தில், ஸுவைலா வாயிலுக்கும் கோட்டைக்கும் இடையே அமைந்த தர்புல் அஹ்மர் பகுதி மம்லூக்குகள் காலத்தில் மஸ்ஜிதுகளாலும் மத்ரஸாக்களாலும் நிறைந்தது. இவற்றைக் கட்டியோர் கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் விட்டுச் செல்லவில்லை. கடைகளையும் நிலங்களையும் வக்ஃப் செய்தனர். அந்த வருவாயே ஆசிரியர்க்கு ஊதியமாகவும், வழிப்போக்கர்க்குத் தண்ணீராகவும், கட்டடங்களின் செப்பனிடும் செலவாகவும் ஆனது.

அச்சங்கிலி மெல்ல அறுந்தது. 1517இல் உஸ்மானியர் வென்றபின் காஹிரா பேரரசின் தலைநகர் என்னும் நிலையை இழந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மது அலீ பாஷா வக்ஃப் நிலங்களில் கை வைத்தார். பின்னர் கதீவ் இஸ்மாயீல் மேற்கே புதிய நகர்ப்பகுதிகளை அமைக்க, செல்வர் அங்கே குடியேறினர். 1952இல் குடும்ப வக்ஃபுகள் ஒழிக்கப்பட்டன. பழைய தெருக்களில் எஞ்சியோர் ஏழைக் கைவினைஞர்களே. மதிலுக்கு வெளியே ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளாகக் கொட்டப்பட்ட இடிபாடுகள் மலையாய் உயர்ந்து, ஸலாஹுத்தீனின் மதிலையே மூடிவிட்டன. 1979இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. எனினும் அப்பட்டம் ஒழுகும் கூரையை அடைக்கவில்லை. 1992இன் நிலநடுக்கம் பல கட்டடங்களை மேலும் சிதைத்தது.

அந்த மண்மேட்டைப் பூங்காவாக்கும் திட்டத்தை 1984இல் ஆகா கான் அறிவித்தார். சுமார் 15 லட்சம் கன மீட்டர் மண்ணும் இடிபாடும் அகற்றி இடம்பெயர்க்கப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீள ஐயூபி மதில் வெளிப்பட்டது. 30 ஹெக்டேர் பரப்பில் அமைந்த அல்அஸ்ஹர் பூங்கா 2005இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. குப்பை மேடென இகழப்பட்ட இடம் நகரின் புதிய முகமாயிற்று.

ஆயினும் பூங்காவின் அழகன்று நம் கவனத்திற்குரியது. அழகிய பூங்காவை ஒட்டிய நிலம் விலையேறும். விலையேறினால் ஏழைகள் வெளியேற நேரும். இவ்வபாயத்தை உணர்ந்தே, மதிலின் உட்புறத்தில் வீடுகளைச் செப்பனிடுதல், சிறுகடன், தொழிற்பயிற்சி, மருத்துவ வசதி ஆகியவையும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. உம்முஸ் ஸுல்தான் ஷஅபான் மத்ரஸா புதுப்பிக்கப்பட்டபோது அப்பகுதித் தச்சரும் கல் தொழிலாளரும் அதில் பயிற்சியும் வேலையும் பெற்றனர். பூங்காவின் கட்டண வருவாய் அதன் பராமரிப்புக்கு உதவுமாறு வகுக்கப்பட்டது. பெயர் வேறாயினும் வக்ஃபின் அடிப்படைக் கருத்தே இங்கு மீண்டும் உயிர் பெற்றதாக நாம் கருதுகிறோம்.

குறைகளும் இல்லாமலில்லை. அக்கட்டணம் சிறிதாயினும் வறியவர்க்குத் தடையே. 2011இன் அரசியல் கொந்தளிப்புக்குப் பின் அப்பகுதியில் அனுமதியற்ற உயர் கட்டடங்கள் பெருகின. ஒரு திட்டம் எவ்வளவு நன்றாயினும், அதைக் காக்கும் சட்டமும் நிர்வாகமும் தளர்ந்தால் பயன் குறையும் என்பதற்கு இதுவே சான்று.

நகரின் நற்பெயரை விளம்பரத்தால் மீட்க முயல்வோர் இன்று பலர். காஹிரா உணர்த்துவது வேறு. கட்டடத்தை வருவாயோடும், வருவாயை அங்கு வாழும் மக்களோடும் பிணைத்தால் நகரம் நிலைக்கும். நற்பெயர் அதனைத் தொடர்ந்து வரும். நம் முன்னோர் வக்ஃபை ஏற்படுத்தியபோது அறிந்திருந்த உண்மை இதுவே.