புள்ளிக் கடல் நத்தை

ஜொருன்னா ஃபியூனெப்ரிஸ், இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் வாழும் ஓடில்லாத கடல் நத்தை. கடலட்டை வேறு, இது வேறு. கடலட்டை நட்சத்திர மீனின் இனம். இதுவோ வயல் நத்தைக்கு உறவு. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குச் சுருள் ஓடு இருக்கும். வளரும்போது அதை உதிர்த்துவிடும்.

முதலில் இதை விவரித்தவர் இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் ஃபிரடெரிக் கெலார்ட் (1859). மன்னார் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்தவரும் அவரே. ஃபியூனெப்ரிஸ் என்றால் லத்தீனில் 'சாவுச் சடங்குக்குரிய' என்று பொருள். இவ்வளவு அழகான உயிருக்கு அது கொடுமையான பெயர்தான்.

தூரத்தில் பார்த்தால் வெள்ளைத் துணியில் கறுப்பு வட்டங்கள் அச்சிட்டதுபோல் இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் உடல் முழுக்க மிக நுண்ணிய முனைகள்; கறுத்த முனைகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்த இடமே புள்ளி. தலையில் இரண்டு கருங்கொம்புகள். நீரில் கரைந்து வரும் வாசனையை அறிவது அவற்றால்தான். முதுகின் பின்பக்கம் பூப்போல விரிந்திருப்பது செவுள். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்களுக்கு வெளிச்சமும் இருளும் மட்டுமே தெரியும் என்பதால், தன் புள்ளிகளை இது ஒருபோதும் கண்டதில்லை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் இனப்பெருக்கத்துக்கு இரண்டு கூடவேண்டும். முட்டைகளைச் சுருண்ட நாடாவாக இடும்.

இந்த நத்தையைச் சிங்கப்பூரிலும் காணலாம். ஆனால் வடக்கே மார்சிலிங் வட்டாரத்தை ஒட்டிய ஜொகூர் நீரிணை கலங்கலானது. சிங்கப்பூரின் பவளத்திட்டுகள் பெரும்பாலும் தெற்குத் தீவுகளைச் சுற்றியே இருக்கின்றன. மார்சிலிங்கில் எம்ஆர்டி ஏறினால் ரயில் மாறாமலே மரினா சவுத் பியர் போய்விடலாம். அங்கிருந்து படகில் சிஸ்டர்ஸ் தீவுகள். 2014இல் அறிவிக்கப்பட்ட, நாட்டின் முதல் கடல் பூங்கா அது. நீர் நன்றாக வற்றும் நேரத்தில், நீலக் கடற்பஞ்சு தெரிகிற பாறையைத் தேடுவதே நத்தையைக் காணும் வழி.

ஏனென்றால் அந்தக் கடற்பஞ்சுதான் இதன் உணவு. அதன் நஞ்சையே தன் உடலில் சேர்த்துக் கவசமாக்கிக்கொள்கிறது. கண்ணாடித் தொட்டியில் வளர்க்க எடுத்துப் போனால், கடற்பஞ்சு கிடைக்காமல் பட்டினியால் சாகும்.

இந்த நத்தையிலிருந்து 2000இல் இந்திய, இத்தாலிய ஆய்வாளர்கள் ஜொருமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வகத்தில் அது புற்றுச் செல்களைக் கொன்றது. மருந்தாக இன்னும் வரவில்லை. 2019இல் அமெரிக்க வேதியியலாளர்கள் அதைச் சுருக்கமான வழியில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள். இனி ஆய்வுக்காக நத்தைகளைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை.